சம்பந்தி சாப்பிட்டாரோ?

வேலையில் இருந்த காலம் முழுவதும் விமானத்தில் நின்றுகொண்டே பறந்தவன் நான். இளைப்பாறிய பிறகு, இந்த வருடம்தான், லண்டனில் இருக்கும் மகள் பிரீமியம் எக்கொனமியில் டிக்கெட் எடுத்து அனுப்ப, உட்கார்ந்துகொண்டு பறந்தேன். கால் வைக்கும் பலகையை இறக்கினேன். கதிரையைச் சாய்த்தேன், நிமிர்த்தினேன், திரும்பவும் சாய்த்தேன். ஒரு காலத்தில் இதையெல்லாம் செய்கிற பயணிகளைப் பார்த்து விமானக் குசினிக்குள் நின்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். பக்கத்தில் இருந்த மனைவி, மற்ற ஆட்கள் பார்க்கிறார்கள், பேசாமல் இருங்கள் என்று தொடையில் கிள்ளினாள்.

சாப்பாடு கொண்டுவந்த பிள்ளை வவுனியாப் பக்கம். சூடான துவாயை நான் மடித்துக் கொடுத்த விதத்தைப் பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்களும் குறூவோ?" என்று கேட்டாள். ஓம், விமானப் பணியாளனாக இருந்தவன்தான் என்றேன். வேலை ஓய்ந்ததும் வந்து, இந்த நடு வகுப்புத்தான் தனக்குப் பெரிய தலையிடி என்று முறையிட்டாள். பிஸ்னஸ் வகுப்பார் படுத்துவிடுகிறார்கள், எக்கொனமியார் பொறுத்துக்கொள்கிறார்கள், இவர்கள் மட்டும் மணியை அமத்திக்கொண்டே இருக்கிறார்களாம். அவளுக்கு ஒரு கதை சொல்லத் தொடங்கினேன். பாதியில் யாரோ மணியை அமத்த அவள் ஓடிவிட்டாள். அவளுக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் குணரத்தினம். வேலையில் எல்லோருக்கும் குணம். பிறந்து வளர்ந்தது திருகோணமலை, உட்துறைமுக வீதி. பள்ளிக்கூடம் முடிந்ததும் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையொன்றில் சேர்ந்தேன். வள்ளத்தில் போய், ஆடுகிற ஏணியில் ஏறி, கப்பல்காரரிடம் தேத்தண்ணியும் கையெழுத்தும் வாங்கி வருவது என் வேலை. விமானக் கம்பனியின் நேர்முகத்துக்குப் போனபோது ஒரு தட்டில் தண்ணீர்க் கிளாசுகளை அடுக்கித் தந்து நடக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் கிளாசைப் பார்த்து நடந்தார்கள். நான் கேள்வி கேட்டவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நடந்தேன். வேலை கிடைத்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தீயணைக்கவும், சறுக்கி இறங்கவும், கோபம் வந்தால் புன்னகைக்கவும் பழக்கினார்கள். கடைசியாகச் சொன்னதுதான் கடினம்.

பல வருடம் எக்கொனமியில் தள்ளுவண்டி தள்ளிய பிறகு என்னை நடு வகுப்புக்கு மாற்றினார்கள். விமானத்தின் மற்ற எந்தப் பகுதியிலும் இல்லாத ஒரு பழக்கம் அங்கே உண்டு. வந்து இருந்தவுடன் எல்லோரும் ஒருமுறை முன்னால் எட்டிப் பார்ப்பார்கள், பிஸ்னஸில் என்ன கொடுக்கிறார்கள் என்று. பிறகு ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள், திரை மூடியிருக்கிறதா என்று. அது மூடியிருந்தால்தான் கொடுத்த காசுக்கு நிம்மதி. பற்தூரிகையும் காலுறையும் வைத்துக் கொடுக்கிற சின்னப் பையை ஒருவரும் அங்கே திறக்க மாட்டார்கள். அது ஊருக்குப் போகும். உப்புவெளியில் என் மச்சாள் வீட்டு அலுமாரியில் அப்படிப் பைகள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன, அவள் இன்றுவரை விமானம் ஏறியதில்லை.

அந்த வகுப்புக்கு எங்கள் மேலதிகாரி மிஸ் டொரீன். கொழும்பில் பிறந்த பறங்கிப் பெண்மணி, மெலிந்த உயரமான உருவம், கொண்டையில் ஒரு மயிர் விலகி நான் கண்டதில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். இடது புருவத்தை மட்டும் உயர்த்துவார். அது உயர்ந்தால் எங்களில் பாதிப்பேர் செய்த வேலையைத் திரும்பவும் செய்வோம். என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். தமிழில் அவருக்குத் தெரிந்தது மூன்று சொற்கள்: தண்ணி, இருங்கோ, போதும். பயணிகளைச் சமாளிக்க அதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்பார்.

அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, திரை. நடு வகுப்பையும் எக்கொனமியையும் பிரிக்கிற அந்தத் திரையின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை சின்னச் சின்னக் கொக்கிகள் இருந்தன. சாப்பாடு தொடங்குவதற்கு முன் அவர் வந்து ஒவ்வொரு கொக்கியையும் விரலால் தொட்டுப் பார்ப்பார். முழங்காலுக்குக் கீழே இருக்கிற கடைசிக் கொக்கியைக் குனிந்து மாட்ட எல்லோருக்கும் பஞ்சி, சோம்பலில் விட்டுவிடுவோம். அவர் அதற்கும் குனிவார். "இது துணி இல்லை, குணம், சுவர்" என்பார். இந்தப் பக்கம் பீங்கானில் சாப்பாடு, அந்தப் பக்கம் தகரத்தாள் பெட்டியில் சாப்பாடு. ஒன்றை ஒன்று பார்க்கக்கூடாது.

மற்றது, சாப்பாட்டு ஒழுங்கு. கடைசிப் பயணி சாப்பிட்டு முடிக்கும்வரை குறூவில் ஒருவரும் ஒரு பருக்கை வாயில் வைக்கக்கூடாது. மற்றவர்கள் திருட்டுத்தனமாகப் பாண் துண்டு விழுங்குவோம். அவர் விழுங்கமாட்டார். கடைசிப் பயணி முடித்து, தட்டுகள் எடுத்து, தள்ளுவண்டி பூட்டி, அதற்குப் பிறகு நின்றபடியே ஏதாவது கொறிப்பார். பல நாள் அதுவும் இல்லை. ஒருநாள் ஏன் இப்படிப் பட்டினி கிடக்கிறீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்காரி விருந்தாளிக்கு முன் சாப்பிடுவாளா என்று திருப்பிக் கேட்டார். அப்போது அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்த ஒரு பகல் பறப்பில் அந்த இரண்டு பிடிவாதமும் ஒன்றாகச் சோதனைக்கு வந்தன.

ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். நடு வகுப்பில் சபாநாயகம் என்று ஒரு பெரியவரும் அவர் மனைவி புவனேஸ்வரி அம்மாவும் வந்து இருந்தார்கள். பக்கத்தில் ஒரு கதிரை வெறுமை. என் தமிழைக் கேட்டதும் சபாநாயகம் என் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கள் மகனுக்குத் தம்பலகாமத்தில் பெண் எடுத்திருப்பதாகவும், கலியாணத்துக்குத்தான் போவதாகவும், பெண்ணின் தகப்பனும் இதே விமானத்தில் பின்னால் இருப்பதாகவும் சொன்னார். அவர் லண்டனில் தன் மூத்த மகனிடம் வந்து நின்றுவிட்டுத் திரும்புகிறாராம். மாப்பிள்ளை எடுத்த டிக்கெட் இங்கே, அந்த மகன் எடுத்த டிக்கெட் அங்கே. ஒருவருக்கொருவர் கேட்கவில்லை. எப்படியாவது சம்பந்தியை இந்த வெறும் கதிரைக்குக் கொண்டுவா என்றார்.

நான் யோசிப்பதைக் கண்ட புவனேஸ்வரி அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, விசயம் தெரியாமல் நிக்கிறீர். போன கிழமை சம்பந்தியை எங்கட ஆக்களுக்குக் காட்டவெண்டு மண்டபம் எடுத்து விருந்து வைச்சம். காட்டவெண்டு எடுத்த விருந்தில அவரையே தூணுக்குப் பின்னால இருத்திப் போட்டம். வேணுமெண்டு செய்யேல்ல. அந்த மனிசன் சாப்பிடாமல் எழும்பிப் போயிட்டார். இன்னொருக்கா எங்களால அவர் சாப்பிடாமல் எழும்பினால் கலியாணம் இல்லை."

மிஸ் டொரீனிடம் போனேன். வெறும் கதிரையைக் காட்டினேன். ஒருவருக்கு இரக்கப்பட்டால் பின்னால் இருக்கிற மற்றவர்கள் என்ன குற்றம் செய்தார்கள் என்று கேட்டார். எதற்கும் பெண்ணின் தகப்பனையும் பார்த்துவிடுவோம் என்று திரைக்குப் பின்னால் போனேன். கந்தையா என்ற அந்த மனிதர் கடைசிக்குக் கிட்டிய வரிசையில், வேட்டி சால்வையோடு, நேராக நிமிர்ந்து இருந்தார். வயல்காரர். காட்டு யானை வரம்பில் நின்றால் கையைத் தட்டிக்கொண்டு கிட்டப் போகிறவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். முன்னால் வருகிறீர்களா என்று கேட்டதற்கு, தன் மகன் காசு கட்டியது இந்தக் கதிரைக்குத்தான் என்றார். அப்படியானால் சபாநாயகத்தை இங்கே உங்களுக்குப் பக்கத்தில் அனுப்பட்டுமா என்றேன். மனிதர் பதறிவிட்டார்.

"ஐயோ வேண்டாம் தம்பி. மாப்பிள்ளை வீட்டுக்காரரைப் பின்னுக்கு இருத்தினது கந்தையா எண்டு கதை வந்தால் நான் ஊருக்குள்ள தலை நிமித்த ஏலாது."

அவர் முன்னால் வரமாட்டார். இவர் பின்னால் போகக்கூடாது. எங்கள் சனத்தின் மரியாதையை எந்த விமானக் கம்பனியும் கணக்கில் எடுத்துக் கதிரை பூட்டுவதில்லை.

விமானம் எழும்பியது. நடு வகுப்புக்குத்தான் முதலில் சாப்பாடு. குசினி திரையை ஒட்டி, இரண்டு பகுதிக்கும் நடுவில் இருந்தது. கறியைச் சூடாக்கியதும் மணம் இரண்டு பக்கமும் போனது. மிஸ் டொரீனின் சுவர் கண்ணை மறைக்கும், மூக்கை மறைக்காது. சபாநாயகத்துக்கு முன் பீங்கான் தட்டை வைத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "சம்பந்தி சாப்பிட்டாரோ?" என்றார். பின்னால் இன்னும் கொடுக்கத் தொடங்கவில்லை என்றேன். அப்படியானால் தானும் காத்திருப்பதாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து விமானம் குலுங்கத் தொடங்கியது. எல்லோரும் பெல்ட் போட, தள்ளுவண்டிகளைப் பூட்டிவிட்டு நாங்களும் இருந்தோம். குலுக்கம் லேசில் விடவில்லை. அது அடங்கி, எக்கொனமி வண்டி ஊர்ந்து ஊர்ந்து கந்தையாவிடம் போய்ச் சேர்ந்தபோது முன்னால் மற்றவர்களெல்லாம் இனிப்பும் முடித்துவிட்டார்கள். நான் ஓடிப்போய் ஐயா சாப்பிடுங்கள் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுவிட்டார்களா என்று கேட்டார். அவர்கள் கை நனைக்காமல் பெண்ணைப் பெற்றவன் கை நனைப்பது முறையில்லையாம். கோபம் கோபமாக இருக்கட்டும், முறை முறைதான் என்றார்.

திரும்ப முன்னால். திரும்பப் பின்னால். ஒவ்வொரு முறையும் அத்தனை கொக்கியையும் கழற்றி மாட்டவேண்டும். கடைசியில் எனக்கு அலுத்துப்போய்விட்டது. சபாநாயகத்திடம் போய், உங்கள் சம்பந்தி வழித்துத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டார் என்றேன். கந்தையாவிடம் போய், உங்கள் சம்பந்தி இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார் என்றேன். கலியாணம் நடக்க எத்தனை பொய் வேண்டுமென்றாலும் சொல்லலாம் என்று எங்கள் சனமே அனுமதி தந்திருக்கிறது. அந்த அனுமதியில்தான் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன்.

பொய்யில் பிழை இல்லை. கொக்கியில்தான் பிழை. அவசரத்தில் கடைசிக் கொக்கியை மாட்டாமல் விட்டுவிட்டேன். கந்தையா சாப்பிடுவதற்கு முன் கைகழுவ எழும்பி, திரைக்குக் கிட்ட இருந்த கழிவறைக்கு வந்திருக்கிறார். திரையின் கீழ் ஓரம் ஆடி விலகியிருக்கிறது. குனிந்து அந்த இடைவெளியால் பார்த்தால், சபாநாயகமும் மனைவியும் தொடாத தட்டுகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். என் பொய்யை அந்த அம்மா ஒரு சொல்லும் நம்பவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நான் போனபோது கந்தையா திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவையள் இன்னும் சாப்பிடேல்ல, தம்பி" என்றார். சொல்லும்போது உதடு கோணியது. நெற்றி முழுவதும் வேர்வை. சால்வையைப் பிடித்திருந்த கை நடுங்கியது. சுகமில்லையா என்று கேட்டேன். சாப்பாட்டு மணம் வந்ததும், சாப்பாடும் வரப்போகிறதென்று நினைத்து, நீரிழிவுக்கான ஊசியைப் போட்டுவிட்டதாகச் சொன்னார். வீட்டில் எப்போதும் அப்படித்தானாம், குசினியில் தாளிக்கிற மணம் வந்தால் ஊசி. அந்த மணம் நடு வகுப்புக்கு உரியது என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது?

இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. ஊசி போட்டுச் சாப்பிடாமல் எவ்வளவு நேரம் இருந்துவிட்டார். தோடம்பழச் சாறு ஒரு கிளாஸ் கொண்டுவந்து நீட்டினேன். தலையை ஆட்டினார். தனக்கு ஒன்றும் இல்லை, அவர்கள் முதலில் சாப்பிடட்டும் என்றார். சத்தம் கேட்டுச் சபாநாயகம் எழும்பி வந்துவிட்டார். சம்பந்தி சாப்பிடவில்லை என்று கண்டதும் அவர் முகமும் இருண்டுவிட்டது. ஒருவருக்கு முன்னால் ஒருவர் நின்று, நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று மெல்லிய குரலில் சண்டை பிடித்தார்கள். கந்தையாவின் முழங்கால் மடியத் தொடங்கியது.

அப்போது மிஸ் டொரீன் வந்தார். திறந்து கிடந்த கொக்கியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புருவம் உயரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒரு பிள்ளையை அனுப்பிப் பயணிகளில் வைத்தியர் யாரும் உண்டா என்று தேடச் சொன்னார். இரண்டு பேரின் கையையும் பிடித்துக் குசினிக்குள் இழுத்து, குறூ இருக்கிற மடக்குக் கதிரைகளை இறக்கி, "இருங்கோ" என்றார். இருந்தார்கள். பிறகு என்னிடம், இவர்களில் யார் முதலில் சாப்பிட வேண்டும் என்று கேட்டார். முறைப்படி மாப்பிள்ளை வீட்டார், ஆனால் மாப்பிள்ளை வீட்டார் குற்றவாளிகள் என்பதால் பெண் வீட்டார் என்றேன். இதற்கு ஆங்கிலத்தில் சரியான சொல் கிடைக்காமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் யாருடைய வீடு என்று கேட்டார். எந்த வீடு என்றேன். இது, என்று காலால் விமானத்தின் தரையைத் தட்டினார். இது தன்னுடைய வீடு, இரண்டு பேரும் தன்னுடைய விருந்தாளிகள், சம்பந்தச் சண்டையைக் கொழும்பில் இறங்கி வைத்துக்கொள்ளட்டும், சொல் இவர்களுக்கு என்றார்.

சொன்னேன். இருவரும் மரியாதையாகத் தலையசைத்தார்கள். மிஸ் டொரீன் இருவர் கையிலும் ஒவ்வொரு கிளாஸ் சாறு கொடுத்து, நான் எண்ணி முடிக்கும்போது ஒன்றாகக் குடிக்கவேண்டும் என்றார். நான் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னேன். இருவரும் கிளாசை உதட்டில் வைத்தார்கள். வைத்துக்கொண்டு, மற்றவர் விழுங்குகிறாரா என்று கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு துளியும் இறங்கவில்லை. கந்தையாவின் கிளாஸ் பல்லில் பட்டுக் கடகடவென்று சத்தம் கேட்டது.

திரையைத் தள்ளிக்கொண்டு புவனேஸ்வரி அம்மா வந்தார். இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்கட கிளாசை அவருக்குத் தீத்துங்கோ. அவர் தன்ர கிளாசை உங்களுக்குத் தீத்தட்டும். சம்பந்தி ஊட்டினதை வேண்டாமெண்டு துப்புற ஆக்கள் எங்கட பக்கத்திலயும் இல்லை, அங்காலயும் இல்லை."

தான் குடிப்பது மரியாதைக் குறைவு, ஆனால் சம்பந்திக்குக் கொடுப்பது மரியாதை. சபாநாயகம் கந்தையாவின் நாடியைத் தாங்கிப் பிடித்துச் சாற்றைப் பருக்கினார். கந்தையா நடுங்குகிற கையால் சபாநாயகத்துக்குப் பருக்க, பாதி அவருடைய கோட்டில் போனது. அவர் துடைக்கவில்லை. இரண்டாவது கிளாஸ் கொடுத்தேன். அந்த மனிதருடைய முகத்தில் திரும்பவும் நிறம் வந்ததைக் கண்டபோது என் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டேன்.

பிறகு சோறு. ஒரே பீங்கான் தட்டு, இரண்டு கரண்டி, மாறி மாறி. தேடிப்போன பிள்ளை கூட்டிவந்த வைத்தியர் பல் வைத்தியர். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பல்லெல்லாம் நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லிப் போனார். தூணைப் பற்றிச் சபாநாயகம் ஏதோ தொடங்க, கந்தையா ஒரு கரண்டி சோற்றை அவர் வாயில் வைத்து அடைத்துவிட்டார். அந்த வழக்கு அத்தோடு தள்ளுபடியானது. மிஸ் டொரீன் கைகளைக் கட்டிக்கொண்டு, அவர்கள் முடிக்கும்வரை நின்றார். அன்று அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. விமானம் இறங்குவதற்கு முன் போய்க் கடைசிக் கொக்கியைத் தானே குனிந்து மாட்டினார்.

கலியாணத்துக்கு எங்கள் இருவரையும் கட்டாயம் வரச்சொல்லிவிட்டார்கள். தம்பலகாமம் போகிற வழியில் காரில் மிஸ் டொரீன் சேலை கசங்காமல் நிமிர்ந்தே இருந்தார். மண்டபத்தில் தூண் ஒன்றுகூட இல்லை. கந்தையா அதற்காகவே தேடிப் பிடித்த மண்டபமாம். தாலி கட்டி முடிந்ததும் சாம்பார் மணம் வந்தது. ஆனால் வீடியோக்காரர்கள் விட்டால்தானே? மாமன் பக்கம், மச்சான் பக்கம், லண்டன் பக்கம் என்று வரிசை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஒருவழியாக முதல் பந்தியில் வாழையிலை போட்டு, மிஸ் டொரீனை நடுவில் இருத்தி, ஒரு பக்கம் சபாநாயகமும் மறுபக்கம் கந்தையாவும் இருந்தார்கள். எதிரில் நான்.

சோறு வைத்தார்கள், கறி வைத்தார்கள், ஒருவரும் கை வைக்கவில்லை. இரண்டு சம்பந்திகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, அந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. இரண்டு பேரும் மிஸ் டொரீனைப் பார்த்தார்கள். அவர் விருந்தாளி, அவர்தான் தொடங்கவேண்டும். மிஸ் டொரீனோ கையை மடியில் வைத்துக்கொண்டு, வரிசை வரிசையாக இருந்த சனத்தைக் கண்ணால் எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விளங்கிவிட்டது. அத்தனை வருடம் கடைசி ஆள் சாப்பிடும்வரை நின்ற உடம்பு. பந்தியில் இருத்திவிட்டால் மட்டும் மாறிவிடுமா? அந்த மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கட்டும் என்றுதான் அவர் காத்திருந்தார்.

அப்போது கந்தையாவின் நெற்றியைப் பார்த்தேன். வேர்வை. சாம்பார் மணம் வந்த நேரத்தை நினைத்தேன். மிஸ் டொரீனும் திரும்பி அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஊசியா என்று கேட்கிற பார்வை. தலையசைத்தேன்.

மிஸ் டொரீன் இலையில் இருந்த சோற்றைக் கையால் பிசைந்தார். கையால் சாப்பிட்டு எத்தனை வருடமோ, விரல்களுக்கிடையால் பருக்கை கொட்டியது. "போதும்" என்று ஒரே சொல் சொல்லி, அந்தப் பிடியைத் தன் வாயில் வைத்தார். அத்தனை பேர் வெறும் வயிற்றோடு பார்த்துக்கொண்டிருக்க, அவர் முதல் ஆளாகச் சாப்பிட்டார். மென்று விழுங்கும்போது அவர் கண்ணில் நீர் நின்றது. மிளகாயாகவும் இருக்கலாம். ஆனால் அவர் கறியை இன்னும் தொட்டிருக்கவில்லை.

அடுத்த கணம் கந்தையாவின் கை வாய்க்குப் போனது. அதற்குப் பிறகு சபாநாயகம். பந்தி முழுவதும் கலகலவென்று சாப்பிடத் தொடங்கியது. கந்தையா இரண்டு தரம் பாயசம் கேட்டார், புவனேஸ்வரி அம்மா ஒரு தரம்தான் விட்டார்.

திரும்பி வருகிற வழியில் தம்பலகாமச் சந்தி தாண்டியதும், மிஸ் டொரீன், தான் இன்றைக்கு முதலில் சாப்பிட்டதைக் குறூவில் யாருக்கும் சொல்லக்கூடாது என்றார். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த பறப்பிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அவர் இப்போது கொழும்பில் தங்கையோடு இருக்கிறார். அவருடைய தமிழ் இன்னும் அந்த மூன்று சொற்களுக்குமேல் வளரவில்லை என்ற தைரியத்தில்தான் இதையும் எழுதியிருக்கிறேன்.